தொள்ளாயிரத்து அறுபது குழிகள்

செப்டம்பர் 22, திங்கள்

ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரு குறிப்பேடு உண்டு. பக்க எண் போட்டது. தாளைக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். நடந்ததை மட்டும் எழுதலாம், நினைத்ததை எழுதக் கூடாது. இது அந்தக் குறிப்பேடு அல்ல. என் வீட்டுக்காரர் டைட்டஸின் வங்கியில் ஜனவரியில் கொடுத்த டைரி. விழுப்புரத்திலிருந்து சனிக்கிழமை வந்தவர் கொண்டுவந்து மேஜையில் போட்டார். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து அவர் தலையில் கொட்டுகிறேனாம். இனிமேல் இதில் கொட்ட வேண்டுமாம்.

இன்றைய வேலை: புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. இரண்டு கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை விளக்கு. திறக்காமலே எந்த பாட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆறு மாதம் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கியது. அடுத்த மாதம் தணிக்கைக்கு வருகிறார்கள். அட்டைப்பெட்டி தூசி விடும், சுத்த அறைக்குள் இருக்கவே கூடாது. மீடியா பாட்டில்களை எல்லாம் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, வரிசையாக அடுக்கிவிட்டேன். மீடியா என்பது செல்களின் சாப்பாடு. மூன்று பெட்டி மட்டும் இடமில்லாமல் கீழே குளிர் அறையிலேயே கிடக்கிறது.

பிரிவின் தலைவர் வரதன் சார் வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வாக்கியமே, "பூங்கோதை ஆறாம் தேதி வந்துருவாங்கல்ல? வந்துட்டாங்கன்னா க்ளோன் எடுத்துரலாம்" என்றார். ஆறு மாதமாக இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தது யார் என்று அவருக்கு நினைவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பூங்கோதை வந்துவிட்டாள். குழந்தை பெற்று ஆறு மாதம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. எல்லோருக்கும் மைசூர்பாகு கொண்டுவந்தாள்.

எங்கள் வேலை இதுதான். வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்த செல்லுக்குள் ஒரு மரபணுவைப் புகுத்துகிறோம். புகுந்த செல் மூட்டுவாதத்துக்கான மருந்தைத் தானே சுரக்கும். ஆனால் லட்சம் செல்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுரக்கும். மருந்து என்று விற்க வேண்டுமானால் ஒரே ஒரு செல்லின் வம்சம் வேண்டும். அதுதான் க்ளோன். ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழி. ஒரு குழிக்கு ஒரு செல். பத்து தட்டு. ஒவ்வொன்றும் தன்னந்தனியாகப் பிழைத்து, இரண்டாகி, நான்காகி, பதினான்காம் நாள் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக வேண்டும். இந்தச் செல்களுக்குக் கூட்டம்தான் பழக்கம். தனியாக விட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். பாதி பிழைக்க வைத்தவள் பூங்கோதை. போன வருடம் அவள் வகுத்த முறை அது. ஜூலையில் அதே முறையில் நானும் வேறொரு மருந்துக்குச் செய்தேன், நூற்றுக்கு நாற்பது வந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி இயக்குநர் குழு கூடுகிறது. அதற்குள் க்ளோன் கையில் இல்லையென்றால் இந்தத் திட்டத்தை மூடிவிடுவார்கள். எங்கள் பிரிவில் பதினோரு பேர்.

அக்டோபர் 8, புதன்

முதல் சுற்று போட்டாயிற்று. பத்து தட்டு, தொள்ளாயிரத்து அறுபது குழி. பூங்கோதை மீடியா ஊற்றினாள், நான் செல் பிரிக்கும் மெஷினில் இருந்தேன்.

நடுவில் இரண்டு முறை அவள் வெளியே போனாள். பால் எடுக்க வேண்டுமாம். முதலுதவி அறையில் பம்ப் வைத்திருக்கிறாள். 10.40 முதல் 11.05 வரை. 2.50 முதல் 3.15 வரை.

ஆரோன் பிறந்து நாற்பத்தைந்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் மாதம் பால் நின்றுவிட்டது. நான் யாரிடமும் எந்த அறையும் கேட்கவில்லை. இப்போது அவன் கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான்.

அக்டோபர் 13, திங்கள்

ஐந்தாம் நாள் படங்கள். மூன்றாம் தட்டில் ஈ வரிசை ஏழாம் குழியில் நான்கு செல் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தாமதமாகத்தான் புறப்படும்.

அக்டோபர் 16, வியாழன்

ஈ ஏழில் நான்கும் உடைந்து தூளாகக் கிடக்கின்றன.

அக்டோபர் 22, புதன்

தொள்ளாயிரத்து அறுபதில் மூன்று. அந்த மூன்றும் சோனி. இரண்டு நாளில் போய்விடும்.

இதே செல்கள், இதே மீடியாவில், கூட்டமாகக் குடுவையில் வளர்கின்றன. எட்டிப்பார்த்தால் கலங்கலாக, கொழுத்துப்போய் இருக்கின்றன. தனியாக எடுத்து வைத்தால் சாகின்றன. மீடியாவில் கோளாறு என்றால் குடுவையும் செத்திருக்க வேண்டுமே. ஆக, பிரித்து ஊற்றுகிற இடத்தில்தான் ஏதோ நடக்கிறது. கையில்தான்.

வரதன் சார் கத்தவில்லை. மேஜையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை. கேளம்பாக்கம் வரை தண்ணீரில் பஸ் ஊர்ந்தே வந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

பூங்கோதையிடமிருந்து ஒரு மின்னஞ்சல். புது ஃப்ரிட்ஜில் குறை கண்டுபிடித்திருக்கிறாள். அவள் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகவில்லை.

அக்டோபர் 29, புதன்

இரண்டாம் சுற்று. தெரிந்ததை எல்லாம் செய்தோம். கூட்டமாக வளர்ந்த செல்களின் பழைய மீடியாவை வடிகட்டி ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தோம், பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி அவை நம்பட்டும் என்று. மெஷினில் அழுத்தத்தைக் குறைத்தேன். தட்டுகளை ஈரத் துணி போட்ட டப்பாவுக்குள் வைத்தேன். ஏழு நாள் இன்குபேட்டர் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று காகிதம் ஒட்டினேன்.

10.35 முதல் 11.00. 2.40 முதல் 3.10. முப்பது நிமிடம். திறந்த மீடியா பாட்டில் அவ்வளவு நேரமும் வெளியே நின்றது. நான் எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். கையுறையோடு மெஷினில் இருந்தேன்.

நவம்பர் 5, புதன்

ஏழாம் நாள். எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 12, புதன்

ஐந்து. தொள்ளாயிரத்து அறுபதில் ஐந்து.

மதியம் சாப்பாட்டு அறையில் பூங்கோதை டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். இது தன் கை இல்லை என்று என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. கேட்காதபோது ஒருத்தி ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

நவம்பர் 14, வெள்ளி

வரதன் சார் எழுத்தில் காரணம் கேட்டார். கொடுத்தேன். இரண்டு சுற்றிலும் மீடியா அறை வெப்பத்தில் நின்ற நேரம், தேதி, மணியோடு. யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. "மீடியா ஊற்றும் பணியாளர்" என்றுதான் எழுதினேன். மீடியா ஊற்றுவது ஒரே ஆள்தான் என்றால் அது என் குற்றமா?

நவம்பர் 17, திங்கள்

பூங்கோதையை ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரசவ விடுப்புக்குப் பிறகு அவளுக்கு ஒப்பந்தம்தான், இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று மனிதவளத்தில் சொல்லிவிட்டார்களாம். இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

என் மேஜைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் பால் எடுக்கப் போன நேரத்தையெல்லாம் எழுதி வச்சிருந்தீங்களா அக்கா?" என்றாள்.

நேர விவரம் எல்லாமே பதிவாக வேண்டும், அது விதி என்றேன்.

"உங்க நேரத்தையும் எழுதினீங்களா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நவம்பர் 19, புதன்

மூன்றாம் சுற்று. நானே ஊற்றினேன், நானே பிரித்தேன். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன், எழுந்து போக வேண்டியிருக்குமே என்று. ஒரு பாட்டில் ஒரு நிமிடம்கூட வெளியே நிற்கவில்லை. முடித்தபோது இடுப்பு நிமிரவில்லை. இந்த முறை வரும். வர வேண்டும்.

நவம்பர் 24, திங்கள்

ஐந்தாம் நாள் படம் எடுக்கவில்லை. எடுத்தால் செல்களுக்குத் தொந்தரவு. அதனால்தான் எடுக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

பூங்கோதைக்கு இன்று கடைசி நாள். கேக் வெட்டினார்களாம். நான் இன்குபேட்டர் அறையில் இருந்தேன்.

டிசம்பர் 3, புதன்

ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை. பத்து தட்டையும் ஒவ்வொரு குழியாக நுண்ணோக்கியில் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவள் மூன்று மணிக்கு எழுந்தேன். எல்லாக் குழியிலும் ஒரே காட்சி. நடுவில் ஒரு சின்னக் கரும்புள்ளி, அதைச் சுற்றித் துகள்.

அவள் கை இல்லை. ஊற்றியது நான்தான்.

வரதன் சாரிடம் எண்ணை மட்டும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, பதினோரு பேருக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். இன்னொரு சுற்றுக்கு நாள் இருக்கிறது என்றேன். பத்தொன்பதாம் தேதி முடிவு தெரியும், கூட்டம் ஒன்பதாம் தேதி. "நாள் இருக்கு. நம்பிக்கை இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். பொய். கழிவறையில் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். எனக்கு இது தெரியும் என்று சொல்லிக்கொள்ள இதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் கிடையாது.

பூங்கோதைக்கு போன் செய்யலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது?

டிசம்பர் 5, வெள்ளி

நான்காம் சுற்று. கடைசி. ஃப்ரிட்ஜில் பாட்டில் தீர்ந்துவிட்டது. ஐந்து தட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதி ஐந்துக்குக் கீழே குளிர் அறைக்குப் போய் அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்து வந்தேன். ஒரே தயாரிப்பு எண், ஒரே நாள் வந்து இறங்கியது. குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

பிறகு தட்டுகளை இன்குபேட்டரில் வைத்து, கதவில் கையை வைத்துக்கொண்டு ஜெபம் செய்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இப்படி ஒன்றைக் கேட்டு நான் ஜெபம் செய்ததில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆரோன் போன் செய்தான். விடுமுறைக்கு வருகிறானாம். என்னம்மா குரல் இப்படி இருக்கிறது என்றான். ஜலதோஷம் என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் போட்டுவிட்டேன், டைட்டஸ்தான் சொன்னார்.

டிசம்பர் 19, வெள்ளி

முதல் தட்டு, ஒன்றுமில்லை. இரண்டு, ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்று, நான்கில் இல்லை, ஐந்தில் இல்லை. அப்போதே எழுந்து போயிருப்பேன். கை பழக்கத்தில் ஆறாம் தட்டை எடுத்து வைத்தது.

ஏ ஒன்றில் கூட்டம். குழியின் நடுவே கொத்தாக, பளபளவென்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. ஏ மூன்றில். ஏ நான்கில். பி வரிசையில் ஐந்து. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஆறு முதல் பத்து வரை, நானூற்று எண்பது குழியில் இருநூற்றுப் பதினொன்று.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து வந்து பார்த்தார்கள்.

சிரிப்பு நிற்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரே தயாரிப்பு, ஒரே நாள், ஒரே கை. ஐந்து தட்டின் மீடியா செப்டம்பர் 22 முதல் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அணையாத வெள்ளை விளக்கில் நின்றது. மற்ற ஐந்தின் மீடியா அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் கிடந்தது. வெளிச்சம் பட்டால் மீடியாவில் உள்ள வைட்டமின் சிதையும், பெராக்சைடு என்ற விஷம் உண்டாகும். கூட்டமாக இருக்கும் செல்கள் அதைத் தங்களுக்குள் பங்கிட்டு அழித்துவிடும். தனியாக இருக்கும் செல்லால் முடியாது. படித்த விஷயம்தான். முதுகலையில் படித்தது.

ஃப்ரிட்ஜ் நான் வாங்கியது. பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கியது நான்.

அக்டோபர் 24 மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். தமிழில் நான்கு வரி. "அக்கா, புது ஃப்ரிட்ஜ்ல லைட் அணையவே மாட்டேங்குது. மீடியா எல்லாம் வெளிச்சத்துலயே நிக்குது. தனி செல்லுக்கு அது ஒத்துக்காது. அலுமினிய ஃபாயில் பேப்பர் சுத்திடலாமா? நீங்க சரின்னு எழுதிக் குடுத்தா நானே செஞ்சிடறேன்."

குழுத் தலைவர், அதாவது நான், எழுத்தில் அனுமதிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. அவள் முறைப்படிதான் கேட்டிருக்கிறாள். வேலை நெருக்கடியில் அன்று நான் அதை முழுதாகப் படிக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

வரதன் சார் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பிரிவே என் மேஜையைச் சுற்றி நின்றது. யாரோ பூங்கொத்து வாங்கி வந்திருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு காரணத்தைச் சொன்னேன். ஃப்ரிட்ஜ், விளக்கு. மின்னஞ்சலைச் சொல்லவில்லை.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "மீட்டிங்ல இதெல்லாம் வேணாம் சுகிர்தா. மீடியா சேமிப்பு முறையை மேம்படுத்தினோம்னு ஒரு வரி போதும்" என்றார்.

பூங்கோதை விஷயம் என்றேன்.

"அவங்க போயாச்சு. இப்ப அதக் கிளறினா, ஒரு ஃப்ரிட்ஜுக்காக மூணு சுற்று போச்சுன்னு கேப்பாங்க. யார் வச்சதுன்னு கேப்பாங்க. பதினோரு பேருக்காகச் சொல்றேன்."

பத்து பேர் என்று நான் திருத்தவில்லை. பாட்டில்களுக்கு ஃபாயில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

ஆரோன் வந்திருக்கிறான். பிரியாணி செய்தேன், அடி பிடித்துவிட்டது. க்ளோன் கிடைத்த கதையை டைட்டஸ் மகனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது டைட்டஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் குறித்ததையும் மின்னஞ்சலையும் சேர்த்து. அவர் வங்கிக்காரர், குறுக்கே பேசாமல் கேட்பார்.

"அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கெடச்சிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்றேன்.

"ஒரு மாசம் ஆவுது. இன்னும் தெரியாதா?"

துணிக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

டிசம்பர் 27, சனி

கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. முகவரி ஆவணப் பிரிவில் வாங்கியது. மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது பூங்கோதைதான், இடுப்பில் குழந்தை. பெண் குழந்தை. பெயர்கூட எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. யாழிசையாம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார்.

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மூன்று கம்பெனியில் நேர்முகம் போயிருக்கிறாள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியில் எல்லாமே நின்றுவிடுகிறதாம். எங்கள் மனிதவளத்தைக் கூப்பிட்டு விசாரித்தால் "செயல்பாட்டுக் குறைபாடு" என்கிறார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் மாறவில்லை. குழந்தையின் வாயிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துவிட்டாள்.

நான் சொன்னேன். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம்தான் காரணம், நீ சொன்னதுதான், உன் கை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

குழந்தையை இறக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை வந்துச்சு?"

"நானூத்தி எண்பதுல இருநூத்திப் பதினொண்ணு."

தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு நிமிடம் எனக்கு அது அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. குழந்தை அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தது.

மன்னித்துவிடு என்றேன்.

"அது எனக்கு எதுக்கு அக்கா? எழுதிக் குடுங்க."

அவளே தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். எழுதினேன். இரண்டு பக்கம். ஃப்ரிட்ஜ், விளக்கு, தட்டு எண், குழி எண் எல்லாம். "அக்டோபர் 24 அன்று திருமதி பூங்கோதை அனுப்பிய எச்சரிக்கையைக் கவனக்குறைவால் பார்க்கத் தவறினேன்" என்று முடித்தேன்.

குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது பொய்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீங்க பார்த்தீங்க. அன்னைக்கே சாயங்காலம் காபி மெஷின்கிட்ட என்கிட்ட சொன்னீங்க. இந்த ஃப்ரிட்ஜ வாங்கினது நான், உனக்கு முன்னாடியே இதெல்லாம் படிச்சவ நான், வந்த வேலையப் பாருன்னு. எனக்கு மறக்கல. உங்களுக்கு மறந்துருச்சா?"

மறக்கவில்லை.

இந்த டைரியில்கூட அதை நான் எழுதவில்லை. அன்றைய பக்கத்தில் மூன்று வரிதான் இருக்கிறது. நான்காவது வரி எழுத இடம் இருந்தது.

அந்த வரியை ஒற்றைக் கோடாக அடித்தேன். மேலே எழுதினேன்: "படித்தேன். அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. அவர் சொன்னார் என்பதால் செய்யவில்லை." பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

அவள் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு அசலை என்னிடம் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

கடிதத்தை வரதன் சாரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"இத வாங்கிக்கிட்டா நான் மேல அனுப்பியாகணும். யோசிச்சுக்கோங்க. மேஜைல வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பேசலாம்."

வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்றேன். நகலை நீட்டினேன்.  அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போட்டார்.

டிசம்பர் 31, புதன்

தணிக்கைப் பிரிவு இரண்டு மணி நேரம் விசாரித்தது. வேண்டுமென்றே செய்தீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று முறையும் இல்லை என்றேன். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கே நிச்சயமாக இல்லை.

ஜனவரி 2, வெள்ளி

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இருபத்து நான்கு க்ளோன்களைத் தேர்ந்தெடுத்துத் தட்டிலிருந்து குடுவைக்கு மாற்ற வேண்டிய வாரம் இது. யார் மாற்றுவார்கள் என்று கேட்டேன். அது உங்கள் கவலை இல்லை என்றார்கள்.

பகல் பதினொன்றரைக்கு வீட்டில் இருந்தேன். சாவியைக் கதவில் போட்டுவிட்டுத் திருப்ப மறந்து நின்றேன்.

ஜனவரி 5, திங்கள்

வீட்டைத் துடைத்தேன். ஆரோன் கல்லூரிக்குப் புறப்பட்டான். அம்மா நீங்கள் சரியானதைச் செய்தீர்கள் என்றான். அக்டோபரில் செய்திருந்தால் சரி என்று சொல்லியிருக்கலாம். அவனிடம் அப்படிச் சொல்லவில்லை.

ஜனவரி 7, புதன்

பூங்கோதையைத் திரும்ப எடுத்துவிட்டார்களாம். ஒப்பந்தம் இல்லை, நிரந்தரம். அதை எழுத்தில் வாங்காமல் உள்ளே வர மாட்டேன் என்று வரவேற்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பிரிவிலிருந்து ஒருத்தி போனில் சொன்னாள். பூங்கோதை என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

கூட்டம் நடந்தது. திட்டம் தொடர்கிறது. வரதன் சார் குறுஞ்செய்தி அனுப்பினார், அவ்வளவுதான் இருந்தது அதில்.

என்னை ராஜினாமா செய்யச் சொல்வார்கள் என்று டைட்டஸ் நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காலை பத்து மணிக்கு போன் அடித்தது. பூங்கோதை. எடுப்பதற்கு முன் கையை நைட்டியில் துடைத்தேன், கையில் ஒன்றுமே இல்லை.

"உங்க மேல எனக்கு இருக்குற கோவம் போகல. போகாது. அதுக்குக் கூப்பிடல" என்றாள்.

சரி என்றேன்.

"குடுவைக்கு மாத்தி குலுக்க ஆரம்பிச்சதும் பதினொண்ணு படுத்துருச்சு. இருபத்து நாலுல பதினொண்ணு. மீதியும் தள்ளாடுது. ஜூலைல நீங்க மாத்தினப்ப எத்தனை வேகத்துல குலுக்குனீங்க?"

ஜூலைச் சுற்றைப் பற்றி ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. முதல் இரண்டு நாள் குலுக்கவே இல்லை என்றேன். தட்டில் அசையாமல் வளர்ந்தவை, திடீரென்று அலையில் போட்டால் தாங்காது. இரண்டு நாள் சும்மா விட்டு, மூன்றாம் நாள் பாதி வேகம், செல் எண்ணிக்கை இரண்டு மடங்கான பிறகு முழு வேகம். குறிப்பேட்டில் அது இல்லையே என்றாள். பாதி வேகம் மெஷின் பழுதால் தற்செயலாக நடந்தது, அதனால் எழுதவில்லை என்றேன். "எழுதியிருக்கணும்" என்றாள். ஆமாம் என்றேன். மீதி பதிமூன்றில் எதை முதலில் காப்பாற்றுவது என்று பேசினோம். ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் அவள் படித்துக்கொண்டே வந்தாள், நான் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். எட்டாம் தட்டு டி ஐந்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதுதான் இருப்பதிலேயே நன்றாக இருக்கிறதாம். அதைக் கூடவே கொஞ்சம் உறைய வைத்துவிடு, நாளை வரை பொறுக்காதே என்றேன். இப்பவே செய்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்தில்தான் இருந்தாள். பின்னால் யாரோ குழந்தைக்கு விளையாட்டுக் காட்டும் சத்தம் கேட்டது, வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் போல.

பிறகு குழந்தை அழுதது. வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

நாற்பத்து மூன்று நிமிடம் என்று போன் காட்டியது. யார் இவ்வளவு நேரம் என்று டைட்டஸ் கேட்டார். ஆய்வகத்திலிருந்து என்றேன்.